பல் வலிக்கு ஆழியாறு

"ஏனுங்க, கையை உடுங்க. யாராச்சும் பாத்துப்போடுவாங்க!"

"பாக்கட்டுமே. தாலி கட்டுனவந்தானே புடிச்சிருக்கறேன்?"

பாப்பாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். புதிதாகத் திறந்திருந்த ஆழியாறு அணைப் பூங்காவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இருபத்தொரு பேர். கல்யாணமான நாளிலிருந்து பாப்பாயியும் தம்பிதுரையும் தனியாக ஓரிடம் போனதில்லை. மாரியம்மன் நோம்பிக்குப் போனாலும் வண்டி நிறைய ஆள்.

சாவிக்கொத்து சென்னியம்மாள் இடுப்பில். அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு தம்ளர் மோர்கூட இடம் மாறாது. இன்று காலையில் அவள் புருசன் வேலுமணியோடு தாராபுரத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பினாள். அரைமணி நேரத்தில் பாப்பாயிக்குப் பல் வலி வந்துவிட்டது! பொள்ளாச்சி ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, அங்கே அடுத்த பஸ் மாறி, நேராக இங்கே.

"இன்னைக்கு மட்டும் மாட்டிக்கக் கூடாதுங்க. தெரிஞ்சா பொங்கல் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அப்பறம் நான் வாசப்படி தாண்டவே மாட்டேன்."

"செரி, செரி. பல்லு எப்படி இருக்குது?"

"வறுகடலை கேக்குதுங்க."

கடலைப் பொட்டலம் பாதி தீர்வதற்குள் ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"ஏனுங் சாமி, எங்களுக்கும் நாலு வெச்சுட்டுப் போங்க!" தம்பிதுரை கெஞ்சக் கெஞ்ச, பாப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

காட்டோரமாக நடந்தார்கள். உச்சிக் கிளையில் மலை அணில் ஒன்று.

"பூனையாட்ட இருக்குது, இதப்போயி அணிலுங்கறீங்க?"

"வாலைப் பாரு அம்மணி. உன்ற சடையாட்ட!"

அப்புறம் ஊஞ்சல்.

"ஐயோ, நானா? வேண்டாங்க."

"ஒருக்கா உக்காரு."

"மெதுவாத் தள்ளோணும்."

மலை கிட்டே வந்தது, போனது. அணைத் தண்ணீர் கிட்டே வந்தது, போனது.

"இன்னும்... இன்னும் ஒசரமாங்க!"

அந்த நேரத்தில்தான் தெரிந்த குரல் கேட்டது. வேறு யார்? சென்னியம்மாளேதான்! கூடவே வேலுமணி.

பாப்பாயி குதித்த குதியில் சேலை முந்தி மண்ணில் புரண்டது. இருவரும் மூங்கில் புதருக்குப் பின்னால் போய்க் குனிந்தார்கள்.

"தாராபுரம்னு சொல்லிப்போட்டு..."

"உஸ்ஸ்! பேசாதீங்க."

வந்தவர்கள் நேரே ஊஞ்சலுக்கு வந்தார்கள். கல்யாணப் பட்டோடு சென்னியம்மாள் ஏறி உட்கார, பின்னாலிருந்து தள்ளியது வேலுமணி.

"கல்யாணம் தாராபுரத்துலயா, ஊஞ்சல்லயா?" என்று தம்பிதுரை காதில் கிசுகிசுக்க, பாப்பாயி முந்தியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். என்ன அடைத்து என்ன? சிரிப்பில் மூங்கிலே குலுங்கியது.

ஊஞ்சல் நின்றது. சென்னியம்மாள் புதரையே உற்றுப் பார்த்தாள்.

போச்சு! பாப்பாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சென்னியம்மாள் சட்டென்று இறங்கிப் புருசனை வேறு பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தாள். அவள் ரகசியமாகச் சொன்னது மூங்கில் வரைக்கும் கேட்டது:

"ஏனுங்க, திரும்பிப் பாக்காம வாங்க. உங்கப்பாவும் அம்மாவும் மூங்கிலுக்குள்ள ஒளிஞ்சுட்டிருக்கறாங்க. அறுவது வயசுக்கு இப்பத்தான் ரெண்டு பேரும் தனியா வந்திருக்கறாங்க. நாம பாத்துப்போட்டம்னு தெரிஞ்சா இனி எங்கயுமே போக மாட்டாங்க!"