மருந்து போட்ட கை

என் நாய் சொக்கியின் அடிவயிற்றிலிருந்து எலுமிச்சை அளவுக் கட்டியை டாக்டர் வெட்டி எடுத்தார். ஒன்பது தையல். "பெரியவரே, ஒரு ஆளு மருந்து போடுங்க, வேற ஆளு சோறு வைங்க. ரெண்டையும் ஒரே கை செஞ்சா, பொறவு அது சோத்தையும் நம்பாது," என்றார் கம்பவுண்டர். பதினோரு வருஷமாக என் கையைத் தவிர வேறு கையில் அது தின்றதில்லை. "மாமா, நான் மருந்து போடுதேன், நீங்க சோறு வைங்க. அது உங்க நாயில்லா?" என்றாள் மருமகள் மாரிச்செல்வி. அவள் வைக்கும் ரசத்தையே நான் நம்பிக் குடிப்பதில்லை. "நீ போனைப் பாத்துக்கிட்டே புண்ணைக் குத்திருவ. சோத்துச் சட்டிய எடு," என்றேன். துண்டால் வாயைக் கட்டி, முழங்காலால் அமுக்கி, பதினாறு நாளும் நானேதான் துடைத்து மருந்து போட்டேன். முதல் நாள் வாய்க்கட்டை அவிழ்த்ததும் என் கையை நக்கியது. நாலாம் நாள் உறுமியது. பத்தாம் நாள், என் இருமல் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒண்டியது. புண் நன்றாக ஆறிவிட்டதென்று டாக்டர் சொன்னார். அவரையும் நம்பாமல் விரலால் தடவிப் பார்த்தேன். ஆறித்தான் இருந்தது. இப்போது மயிரும் முளைத்துவிட்டது. துண்டை வீட்டுக்குள் போட்டுவிட்டு வந்து, அதன் முன்னால் குந்தி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறேன், ஒன்றுமில்லை பார் என்று. அது கைகளைப் பார்க்கிறது. பிறகு முகத்தைப் பார்க்கிறது. எழுந்து சுவரோரம் தள்ளிப் படுத்துக்கொள்கிறது. "மாமா, இன்னைக்கு நீங்க வைங்க," என்று மாரிச்செல்வி சட்டியை நீட்டுகிறாள். "வேண்டாம்மா. காலையிலருந்து பசியோட கெடக்கு. நீயே வை," என்கிறேன்.