கதவைச் சாத்திய பிறகு அழைக்கும் பெயர்

எதிர்வீட்டு ரெஜினாவின் கம்ப்யூட்டர் ஆண்குரலில், "பட்டாணி, நீ தேடின ஃபைல் கிடைச்சிடுச்சு" என்று கொஞ்சியதும், வைதேகிக்குக் குடித்த காபி கசந்தது. அந்தப் பெயரை அவள் கணவன் முகுந்தன் படுக்கையறைக் கதவைச் சாத்திய பிறகுதான் சொல்வான். அது எப்படி எதிர்வீடு வரை போனது?

வீட்டுக்கு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"ரெஜினாவை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அக்கான்னுதான். ஏன்?"

"அங்க பட்டாணின்னு சத்தம் கேக்குதே."

முகுந்தனின் முகம் வெளிறியது. அவள் சந்தேகம் இன்னும் வலுத்தது. அவனோ தங்கள் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தான். போன மாதம் அது திணறியபோது, தேடி அலைந்து ஓர் இலவச மென்பொருளை இறக்கியிருந்தான்.

"வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கலாமான்னு கேட்டுச்சு. படிக்காமலே சரின்னு அமுக்கிட்டேன்."

"ரெஜினா இதையேதான் காசு கட்டி வாங்கினாங்களாம். காசு கட்டினா அன்பா பேசுமாம்."

"அது யார் வீட்டு அன்புன்னு இப்பத்தானே தெரியுது."

"முதல்ல அதை அழிங்க. ஊருக்கே பட்டாணி ஆயிட்டேன்."

அழித்தான். "நான் முழுமையாக நீக்கப்பட்டேன்" என்றது கம்ப்யூட்டர்.

"போயிட்டேன்னு அதுவேதானே சொல்லுது?" என்றாள் வைதேகி.

"சரி விடு, உனக்கு வேற பேர் வைக்கிறேன்" என்று அவள் காதருகே குனிந்தான். அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். அவன் விரலால் மெல்ல எழுதி முடித்ததும், கையை இறுக மூடிக்கொண்டாள்.