இடம் மறைக்கப்பட்டது

“படத்தை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க சார்” என்றாள் சுடர்விழி. விஜயராகவன் கைப்பேசித் திரையை இரண்டு விரலால் விரித்தார். பொன்வண்டு திரைக்கு வெளியே போய்விட்டது. அது உட்கார்ந்திருந்த பெண்ணின் கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“வண்டைக் காட்டச் சொன்னா கையைக் காட்டுறீங்களே!” என்று சிரித்தார் ராமலிங்கம். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் கூடி, கண்ணில் படும் பூச்சிகளையெல்லாம் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து ஒரு செயலியில் ஏற்றுகிற கூட்டம் அது. வங்கி வேலை போக மிச்ச நேரம் முழுவதையும் சுடர்விழி இதற்கே கொடுத்துவிட்டாள். வீட்டில் அவளுக்குப் பூச்சிக் கிறுக்கு என்றே பெயர்.

இந்தப் படத்தை ஏற்றியவள் ‘மின்மினி’ என்ற பெயரில் எழுதுகிற யாரோ ஒருத்தி. புதுச்சேரி நகரத்துக்குள் பொன்வண்டைப் பார்த்ததாக இந்தக் கூட்டத்தில் இதுவரை ஒருவரும் பதிந்ததில்லை. ஆனால் இடம் என்ற கட்டத்தில் ‘மறைக்கப்பட்டது’ என்று இருந்தது.

சுடர்விழி ஆறு முறை கேட்டுப் பார்த்தாள். ஆறு முறையும் ஒரே பதில்தான். ‘இடம் மட்டும் கேக்காதீங்க அக்கா, ப்ளீஸ்.’

“புடிச்சு விக்கிறவங்க வந்துருவாங்கன்னு பயப்படுறா, பாவம்” என்றாள் சுடர்விழி. “ஆனா ரோடு அகலப்படுத்தறோம்னு ஊரெல்லாம் மரத்துக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருக்காங்க. இடம் தெரிஞ்சாதானே மனு குடுத்து மரத்தைக் காப்பாத்தலாம்?”

“கண்டுபுடிச்சே ஆவணும் மேடம்” என்றார் விஜயராகவன்.

திண்டிவனத்துக்காரர். கூட்டத்தில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இன்னும் ஒரு பூச்சியைக்கூடப் படமெடுக்கவில்லை என்றாலும் அக்கறையில் பழைய ஆட்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். மின்மினி ஏற்றிய நாற்பது படங்களையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

எல்லாமே ஒரே கொல்லைப்புறத்தில் எடுத்தவை. மின்மினி வெளியே எங்கும் போவதில்லை போலிருக்கிறது. ஒன்றில் உயரமான விளக்குக் கம்பம், இன்னொன்றில் நீலத் தண்ணீர்த் தொட்டி, பலவற்றில் கொடுக்காப்புளிக் கிளை.

ராமலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இது உப்பளம் ஸ்டேடியம் லைட்டு. அந்தப் பக்கம் கொடுக்காப்புளி மரம் ஒண்ணே ஒண்ணுதான். முப்பது வருஷம் தபால் குடுத்தவன், எனக்குத் தெரியாதா?” என்று எந்தத் தெரு, எந்தச் சந்து என்பது வரை சொல்லிவிட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சுடர்விழிக்கு மட்டும் மனசு ஒரு மாதிரியாக இருந்தது. கேட்காதே என்று கெஞ்சியவள் வீட்டு வாசலில் போய் நிற்பது சரிதானா?

“நல்லதுக்குத்தானே மேடம் போறோம்? நானும் கூட வர்றேன்” என்றார் விஜயராகவன்.

ராமலிங்கம் சொன்ன அடையாளம் தப்பவில்லை. சந்துக் கோடியில் ஓட்டு வீடு, அதன் மதிலுக்கு மேலே கொடுக்காப்புளி மரம். தாழ்ந்த கிளையில் பச்சையும் பொன்னுமாக ஒன்று மின்னியது.

“சார், மேல பாருங்க! பொன்வண்டு!” சுடர்விழிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க கூப்புடுங்க மேடம். பொம்பளக் குரல்னா பயப்படாம தொறப்பாங்க.”

அதுவும் சரிதான் என்று பட்டது அவளுக்கு. கதவைத் தட்டினாள். “மின்மினி! நான்தாம்மா, சுடர்விழி அக்கா. பயப்படாத, வண்டுக்கு ஒண்ணும் ஆவாது!”

உள்ளே யாரோ ஓடி வரும் சத்தம். மேல் தாழ்ப்பாள் விலகியது. பிறகு நடுத் தாழ்ப்பாள், பிறகு கீழ்த் தாழ்ப்பாள். ஒரு வீட்டுக் கதவுக்கு எதற்கு இத்தனை என்று சுடர்விழி நினைத்து முடிப்பதற்குள் கதவு ஒரு சாண் திறந்தது.

“அக்கா, நீங்களா! எப்டிக்கா இங்க...” முப்பது வயதுகூட இராது. முகமெல்லாம் சிரிப்பு.

அவள் பார்வை சுடர்விழியின் தோளைத் தாண்டிப் போனது. முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துத் தள்ளினாள்.

கதவு மூடிக்கொள்ளவில்லை. இடுக்கில் விஜயராகவனின் செருப்புக் கால் இருந்தது.

அவர் சுடர்விழியைப் பார்த்து, பூங்காவில் பேசிய அதே மரியாதையோடு சொன்னார்.

“ரொம்ப தேங்க்ஸ் மேடம், நீங்க கெளம்புங்க... இவ எம் பொண்டாட்டி.”