கல்பாக்கத்திலிருந்து வந்த வரன்

“ஒரு தடவை யுரேனியம் போட்டா எவ்ளோ நாளைக்கு வருங்க?” என்று கேட்டாள் ஜினமதி.

ஆதிராஜ் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இந்த வரனும் போச்சு என்று நினைத்தார்.

ஆரணியில் பட்டு நூல் கடை வைத்திருந்த அவருக்கு ஒரே பெண். வேலூரில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். கல்யாணத்துக்குத் தலையாட்டியபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். மாப்பிள்ளை கரண்ட் உற்பத்தி செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும்.

அந்த வருடம் கரண்ட் போகாத நாளே இல்லை. புழுக்கத்தில் வெந்துபோன பெண், ஃபேன் நிற்காத குவார்ட்டர்ஸ் கேட்கிறாள் என்று ஆதிராஜ் எடுத்துக்கொண்டார். அதில் தப்பில்லை என்றும் அவருக்குப் பட்டது.

தரகர் தனகோடி முதலில் மேட்டூர்ப் பையனை அழைத்து வந்தார். அணை மின் நிலையத்தில் வேலை. ஜினமதி தலையைக் குனிந்துகொண்டு வந்து நமஸ்காரம் செய்தாள். நிமிர்ந்ததும், தண்ணீர் எத்தனை அடி உயரத்திலிருந்து விழுகிறது, டர்பைன் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கேட்டாள். பையன் சந்தோஷமாகத்தான் பதில் சொன்னான். அவனுடைய அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. “பொண்ணு பாக்க வந்தமா, பரீட்சை எழுத வந்தமா?” என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவன் நெய்வேலி. நிலக்கரியை எப்படி மாவாக்குகிறீர்கள், நீராவி எத்தனை டிகிரியில் வரும் என்று கேட்டதும் அவனுக்கு வியர்த்தது. அவன் ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுப்பவன். “அதெல்லாம் பாய்லர்காரங்களைத்தாங்க கேக்கணும்” என்றான். ஊருக்குப் போய் ஒரு கார்டுகூடப் போடவில்லை.

இரண்டு முறையும் ஜினமதி வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. வந்தவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே போய் நோட்டில் எதையோ எழுத ஆரம்பித்துவிட்டாள்.

இது மூன்றாவது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் அறவாழி. கண்ணாடி போட்ட, ஒல்லியான பையன். பார்த்ததும் ஆதிராஜுக்குப் பிடித்துவிட்டது. இதுவும் கைகூடவில்லை என்றால் இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று தனகோடி வேறு சொல்லியிருந்தார்.

ஆதிராஜ் மனைவியின் பக்கம் சாய்ந்தார். “இன்னா இவ, பேஜார் பண்ணிகினு கீறா?”

“கேக்கட்டுமே” என்றாள் சக்ரேஸ்வரி. அவள் முகத்தில் கவலையே இல்லை.

அறவாழி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

“அடுப்புல வெறகு தள்ற மாதிரிதாங்க. தெனம் கொஞ்சம் புதுசு உள்ள போவும், பழசு வெளிய வரும்.”

“அப்போ கனநீர் எதுக்குங்க?”

அவன் தன் தட்டை முன்னால் இழுத்து, இரண்டு லட்டுகளை நடுவில் வைத்தான். ஒன்றை உதிர்த்து, ஒரு பூந்தியை விரலால் வேகமாகச் சுண்டினான். அது அடுத்த லட்டைத் தொடாமல் பறந்து தனகோடியின் மடியில் விழுந்தது. நியூட்ரான் வேகமாகப் போனால் இப்படித்தான், அணுவில் பிடிபடாமல் தப்பிவிடும் என்றான். இரண்டாவது பூந்தியை மெல்லத் தள்ளினான். அது உருண்டு போய் லட்டில் ஒட்டிக்கொண்டது. இந்த வேகத்தைக் குறைப்பதுதான் கனநீரின் வேலை, அப்போதுதான் அடுத்த அணு பிளக்கும், சூடு வரும், அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகும், அதற்கப்புறம் எல்லாம் நெய்வேலியில் செய்வதுதான் என்றான்.

ஜினமதி சிரித்தாள். மூன்று வரன்களில் அவள் சிரித்தது அதுவே முதல் தடவை.

அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. எதிர் வீட்டுக் கைத்தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பேசிக்கொண்டிருந்த இருவரும் எதையும் கவனிக்கவில்லை. அறவாழியின் அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, “எம் புள்ள வூட்ல இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்லீங்க” என்று ஆதிராஜிடம் சொன்னார். கோபம் போல இல்லை. ஆதிராஜுக்கு உயிர் வந்தது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமணக் குடும்பங்கள். வந்தவர்கள் சீக்கிரமே எழுந்துகொண்டார்கள். அவன் வீட்டார் தெருவில் இறங்கிய பிறகு அறவாழி மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசற்படியில் நின்றான். கதவோரம் நின்றிருந்த ஜினமதியைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டான்.

“மின்சார வாரிய இன்டர்வியூ என்னிக்குங்க?”

எந்த இன்டர்வியூ என்று கேட்க, பின்னால் நின்ற ஆதிராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

“புதன்கெழமைங்க. மெட்ராஸ்ல.”

“நானும் அந்த இன்டர்வியூவுக்கு இப்டி எழுதிகினு போயி, இதே கேள்விங்களுக்குத்தான் பதில் சொன்னேன்” என்றான் அவன். “காத்துலயும் கரண்ட் எடுக்கலாம். அதையும் கேப்பாங்க, பாத்துகினு போங்க.”

ஆதிராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சக்ரேஸ்வரி, ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேட்டூர்க்காரனும் நெய்வேலிக்காரனும் எதற்காக வந்து போனார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அறவாழி அவரைப் பார்த்துக் கைகூப்பினான்.

“எங்க சைடுல எல்லாருக்கும் சம்மதங்க. உங்க பதிலை வியாழக்கெழமை சொன்னா போதும்.”