கன்ட்ரோல் டீச்சர்

ஒரே ஒரு சொட்டு அயோடின்தான் விட்டார் டீச்சர். வெள்ளைப் பீங்கானில் கிடந்த மாத்திரைத் தூள் கண்ணெதிரே கருநீலமாக மாறியது.

மதிய இடைவேளை. பள்ளி ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. அரிசியில் விட்டால் நீலம், உருளைக்கிழங்கில் விட்டால் நீலம். இருபது வருடமாக அயோடின் அவரிடம் பொய் சொன்னதில்லை. அப்படியானால் மாவு. நாலு மாதமாக வீட்டுக்காரர் வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருப்பது வெறும் மாவு.

வீட்டுக்காரர் தையற்காரர். விரல்களில் பலம் குறைந்துகொண்டே போகிற நோய் வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அலையாய் அலைந்து அவரைச் சேர்த்துவிட்டதே டீச்சர்தான். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதைப் போலவே ஒரு மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

அப்படிச் செய்தால்தான் சோதனை செல்லும் என்பது டீச்சருக்குத் தெரியாதா என்ன? ஒன்றைச் சோதித்தால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றையும் அதே மாதிரி சோதிக்க வேண்டும்; அதற்குப் பெயர்தான் கன்ட்ரோல். அதை மறந்த நோட்டுகளில் 'கன்ட்ரோல் எங்கே?' என்று சிவப்பு மையில் கிறுக்கி, பாதி மார்க்கை வெட்டிவிடுவார். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரே கன்ட்ரோல் டீச்சர்.

ஆனால், உரம் போடாத கன்ட்ரோல் செடி வாடினால் நோட்டில் குறித்துக்கொண்டு போய்விடலாம். கட்டின புருஷன் வாடினால்? தெரியாமல் இருக்க முடியவில்லை. ஒரு மாத்திரை கைதவறிச் சாக்கடையில் விழுந்துவிட்டதாக அவரிடம் சொல்லிவிட்டு, கைக்குட்டையில் முடிந்து ஆய்வகத்துக்குக் கொண்டு வந்திருந்தார்.

அன்று மாலை தையற்காரர் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, இங்க பாரேன். ரெண்டு மாசமா ஊசி பிடிக்கிற பலம் கொஞ்சங்கூடக் குறையல. மருந்து பிடிக்குதுன்னு நினைக்கிறேன்."

"அது மருந்தே இல்லீங்க. வெறும் மாவு. நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். பிடிக்குதுன்னு நீங்க நம்புறீங்க, அதான் அப்படித் தோணுது."

"நிஜமாவா?"

"அயோடின் பொய் சொல்லாதுங்க."

தையற்காரர் ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார். "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்தச் சோதனையில் இருக்கும்வரை வேறு எந்த மருந்தையும் தொடக்கூடாது என்பது கட்டளை. மாவைத் தின்று மாசத்தை ஓட்டுவதைவிடப் பழைய மருந்தாவது உள்ளே போகட்டும் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றார்.

"வெளிய போனா திரும்பச் சேர முடியாது. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார் ஆஸ்பத்திரியில் சோதனையைக் கவனித்துவந்த டாக்டரம்மா.

"யோசிச்சாச்சு டாக்டர்." மாத்திரையைத் திருடிச் சோதித்ததைப் பற்றி டீச்சர் மூச்சு விடவில்லை. விலகும் படிவத்தைக் கணவர் பக்கம் நகர்த்தினார். தையற்காரர் தன் கையால் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான்.

பழைய மருந்து ஒன்றும் கிழிக்கவில்லை. முதலில் கத்தரிக்கோல் போனது, பிறகு ஊசி, எட்டே மாதத்தில் சாப்பிடுகிற கரண்டியும் போனது. தையல் மெஷினைப் போர்வை போட்டு மூடினார்கள். டீச்சர் காலையில் ஊட்டி, வாய் துடைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். மாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு திருத்துவார்.

டீச்சர் பிள்ளைகளைத் திட்டுவதைக் கேட்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த பொழுதுபோக்கு. "என்ன, இவனும் கன்ட்ரோல் வைக்கலையா?" என்று அவரே எடுத்துக்கொடுப்பார். அப்போது மட்டும் இருவரும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

சோதனை முடிந்து, யாருக்கு எது கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பிரித்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து இருவரையும் கூப்பிட்டனுப்பினார்கள். டாக்டரம்மா பட்டியலையும், தையற்காரரின் மடியில் கிடந்த கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மருந்து நல்லா வேலை செய்யுது. போன பலத்தைத் திருப்பித் தராது. ஆனா இருக்கிற பலத்தை அப்படியே காப்பாத்திடும்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "உங்களுக்குக் கொடுத்தது நிஜ மருந்துதாங்க. ஏன் பாதியில விட்டீங்க?"

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இருக்காது டாக்டர்! அது மாவு. நானே அயோடின் விட்டுப் பாத்தேன். நீலமாச்சு!"

டாக்டரம்மா பட்டியலை மூடி வைத்தார். "மாத்திரை உதிராம இருக்க மாவு சேர்ப்பாங்க, மேடம். தலைவலிக்குப் போடுற மாத்திரையில விட்டிருந்தாலும் நீலமாத்தான் ஆகியிருக்கும்."

தையற்காரருக்கு டாக்டர் சொன்னதில் நம்பிக்கை வரவில்லை. தன் மனைவி தப்புச் செய்வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் பக்கம் திரும்பி, எடுத்துக்கொடுப்பதைப் போலக் கேட்டார்:

"கன்ட்ரோல் வெச்சுத்தானே பாத்த, டீச்சரம்மா?"