ஒரே நடையில் முடியும்

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை.

பிறப்பு, இறப்பு பதியற அரசு ஆபீஸ் அது. கவுன்டர் கிளார்க்குக்கு ஜனங்க வச்ச பேரு சிடுமூஞ்சி.

"டாக்டர் முத்திரை சரியா விழலை. அடுத்த வாரம் வா!"

அவர் கத்த, புருஷன் சாவைப் பதிய வந்த ஒரு அம்மா, துணிப்பையை மார்போடு அணைத்தபடி அன்றைக்கும் திரும்பி நடந்தாள். பெஞ்சிலிருந்த யோசனைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யோசனைக்காரி, மேலிடம் அனுப்பிய பெண். ஜனங்களுக்குத் தோதாக ஆபீஸை மாற்றியமைப்பது அவள் வேலை. கெட்டிக்காரி. நல்ல மனசுக்காரியும்கூட. ஏசி அறையில் உட்காராமல், வரிசையோடு வரிசையாக உட்கார்ந்து விசாரித்தாள். அந்த அம்மாவையும் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"எத்தனை தடவைம்மா அலையறீங்க?"

"அது ஆச்சு பல தடவை தாயி. வீட்டுக்காரர் செத்ததுலேருந்து."

"அந்த ஆள் மேல கோபமே வரலையா?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "பயம்! பெத்த தாய் வந்து நின்னாலும் அடுத்த வாரம் வரச் சொல்ற ரகம் அது."

யோசனைக்காரி எழுந்து போனாள். அன்றே மேலிடத்தில் பேசினாள். சிடுமூஞ்சியைப் பின்கட்டுக் கிடங்குக்குத் தள்ளினார்கள். அவர் ஏன் எதுக்கு என்று வாயே திறக்கவில்லை. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதுக் கவுன்டர் வந்தது. மேலே பலகை: 'ஒரே நடையில் முடியும்.' பட்டனைத் தட்டினால் போதும், இறந்தவர் விவரம் எல்லா ஆபீசுக்கும் தானாகப் பறந்துவிடும். முதல் நாள் யோசனைக்காரியே உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா! உங்களை நினைச்சுத்தான் இதைச் செஞ்சேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அந்த அம்மா கவுன்டருக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்தக் கிளார்க் எங்கே?"

"இனிமே அவர் தொல்லையே இல்லை."

"ஐயோ... மெல்லப் பேசுங்க. நான்தான் அவர் காலைப் பிடிச்சுக் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"நாங்க இருக்கறது என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த அரசாங்க வீடு. சாவு பதிவாயிட்டா உடனே காலி பண்ணணும். பொண்ணு நிறைமாசம். அவ புருஷன் விட்டுட்டு ஓடிட்டான். எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்? பிள்ளை பொறக்கற வரைக்கும் இழுத்தடிங்கன்னு கெஞ்சினேன். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னுதான் அவர் கத்தறது."

"பேசாம வராமலே இருந்திருக்கலாமே?"

"வராட்டி, ஏன் பதியலைன்னு வீடு கொடுத்த ஆபீஸ்லேருந்து ஆள் வருமே? அலையறேன்னு காட்டணும்ல?"

"அன்னைக்கு பெஞ்சுல கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"எத்தனை தடவை அலையறேன்னு கேட்டீங்க தாயி. ஏன் அலையறேன்னு கேட்கலையே."

யோசனைக்காரியின் விரல் பட்டனுக்கு மேலே அப்படியே நின்றது. கிடங்குப் பக்கமிருந்து யாரோ இருமுவது கேட்டது.

வரிசை முணுமுணுத்தது. "என்னம்மா, ஒரே நடைங்கறது போர்டுல மட்டும்தானா?"

அவள் குனிந்தாள். மேஜைக்கடியிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள். நிமிர்ந்து, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி அந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்:

"மெஷின் ஓடலை. அடுத்த வாரம் வா!"