பிடி அரிசி

அரை வயிற்றுக் கஞ்சி குடித்த காலத்திலும் ஞானப்பூ, உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று கலயத்தில் எடுத்து வைப்பாள். "மிச்சத்த அவரு பாத்துக்கிடுவாரு" என்பாள். பிறகு மகன் கப்பல் வேலைக்குப் போனான், மாடி வீடு எழும்பியது, கலயம் கண்ணாடி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோயிலுக்கு இப்போது மாதம் ஒரு மூட்டை, அவள் பெயர் எழுதி, கடையிலிருந்தே நேராகப் போகிறது. போதகர் அந்தப் பெயரை வாசிக்கும்போது சபையே திரும்பிப் பார்க்கும்.

கடலில் புயல். மகனிடமிருந்து மூன்று நாளாகப் பேச்சில்லை.

"கடைக்காரன்கிட்ட கோயிலுக்குப் பத்து மூட்டை அனுப்பச் சொல்லுட்டி" என்றாள் ஞானப்பூ.

"மூட்டையக் காட்டி யார மெரட்டுத? ஒரு பிடி போட்டு ஜெபம் பண்ணும்மா" என்றாள் மகள் எப்சிபா.

ஞானப்பூ கலயத்தை இறக்கினாள், அரிசியை அள்ளினாள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்றாக மகன் வாங்கித்தந்த மோதிரங்கள் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டவிடவில்லை. கை கலயத்துக்கு வருமுன் அரிசியெல்லாம் இடுக்கு வழியே ஒழுகிப் போனது.

"மோதிரத்தக் கழத்தும்மா."

"எம் புள்ள போட்டத கழத்தவா?" அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். "இந்தக் கோயிலுக்கே சோறு போடுத கையாக்கும் இது."

மறுபடியும் அள்ளினாள். தரையெல்லாம் அரிசி. கலயத்துக்குள் ஒரு மணியாவது விழும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள்.